லேபிளில் ஒரு வெற்றுப் பெட்டி

அன்பான பிள்ளைகளுக்கு,

உங்கள் மருந்து லேபிளின் வலப்பக்கத்தில் ஒன்றும் அச்சடிக்கப்படாத ஒரு சிறு பெட்டி இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த நீங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்துவிட்டு, "இது ஏன் சும்மா கிடக்குது, எடுத்துவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கலாமே" என்று கேட்டீர்களாம். என் மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள். உங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவள் அவள்தான். என்றாலும் அந்தப் பெட்டி வந்த கதை அவளுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். "அப்பா, நீங்களே எழுதித் தாங்கோ. நான் சொன்னா, அக்கா கதை விடுறா எண்டுவினம்" என்றாள்.

பெட்டியை வைத்தவன் நான். ஆகவே நானே சொல்வதுதான் நியாயம். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைப் பிழையாகச் சொல்ல மாட்டேன். நான் விட்ட பிழையைச் சொல்லத்தானே இந்தக் கடிதம்.

அது யுத்த காலம். எங்கள் மருந்துச் சேவைக்குத் திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் மருந்து அலுமாரிகள். மற்றதில் நானும் ஒரு மேசையும். மாதம் ஒரு முறை மூதூர், கிண்ணியா, கிளிவெட்டிப் பக்கங்களில் கிளினிக் வைப்போம். டொக்டர் பார்ப்பார், மருந்தாளர் மருந்து கொடுப்பார், நான் பெயரும் வயதும் எழுதுவேன். வீதி மூடப்பட்ட மாதங்களில் போக ஏலாது. அப்போது ஒவ்வொருவருடைய மருந்தையும் தனித்தனி உறையில் போட்டு, மேலே பெயரும் குடிக்கும் விதமும் எழுதி, மூதூருக்குக் கடலால் ஓடும் லோஞ்ச் படகில் ஏற்றி விடுவோம். அக்கரையில் ஒரு தொண்டர் இறக்கி எடுத்து ஆட்களிடம் கொடுப்பார்.

மருந்தாளரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். குறிஞ்சாக்கேணிப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். வாய் மட்டும் என்னைவிட இருபது வயது மூத்தது. நான் படித்த வேலையில் பாதியை அவர் ஏசிய ஏச்சிலிருந்து படித்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. சும்மா இருக்கும்போது படம் கீறுவேன். பெரிய ஓவியம் ஒன்றும் இல்லை. ஆடு, சைக்கிள், ஆட்களின் செருப்பு, கிளினிக்குக்கு வந்து தூங்கிப்போன பிள்ளை. ஒரு கொப்பியும் கட்டைப் பென்சிலும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வந்தவர்கள் சொன்னதில் ஏதாவது மனதில் பட்டால் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி வைப்பேன்.

கிளிவெட்டிக் கிளினிக்கில் ஒரு நாள் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று தாயோடு வந்தது. சுகந்தி என்று பெயர். வலிப்பு வருத்தம். படுக்கப் போகும்போது அரைக் குளிசை, ஒரு நாளும் தவறக் கூடாது, கூடவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மிஸ் அதைத் தாய்க்கு விளங்கப்படுத்திவிட்டு, "எங்கே, திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

தாய் ஒழுங்காகத்தான் சொன்னாள். பிறகு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எழுத்துத் தெரியாது, மிஸ். இவளின்ர அப்பாவும் வயலில நிண்டு இருட்டினாப் பிறகுதான் வாறவர். மாறிப் போனால் என்ன செய்யிறது?"

நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உறையை வாங்கி ஒரு அரை வட்டம் கீறினேன். பக்கத்தில் ஒரு நிலா. "அரைக் குளிசை, நிலா வரேக்க" என்றேன்.

தாயின் முகம் தெளிந்தது. மிஸ் எட்டிப் பார்த்தார். "நல்ல வேலை அண்ணன். அப்படியே நிலாவுக்குள்ள ஒரு முயலையும் போட்டு விடுங்கோவன், பாவம் அது மட்டும் என்னத்துக்கு வெளிய நிக்குது?"

பகிடிக்குச் சொன்னார். நான் உண்மையாகவே முயலைக் கீறினேன். சுகந்தி சிரித்தாள். அன்றிலிருந்து எழுத்துத் தெரியாதவர்களின் உறையில் எல்லாம் படம் போடத் தொடங்கினேன். காலைக்குச் சூரியன், சாப்பாட்டுக்குக் கோப்பை, இரவுக்கு நிலா. எந்த ஆளுக்கு எந்தப் படம் என்று என் கொப்பியிலும் கீறி வைத்துக்கொள்வேன்.

அந்தக் கொப்பியே ஒரு நாள் என்னை மாட்டிவிட்டது. அதற்கும் குற்றவாளி நான்தான்.

கிண்ணியாவில் இப்போது பாலம் இருக்கிறது. அப்போது 'பாதை' என்று சொல்லும் பெரிய மிதவைதான் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும். கிளினிக் முடிந்து திரும்பும்போது அதற்காகக் காத்து நின்றோம். மாலை வெயிலில் தண்ணீரும் பாதையும் அழகாகத் தெரிந்தன. கொப்பியை எடுத்துக் கீறினேன். பாதையோடு நிறுத்தியிருந்தால் வில்லங்கம் இல்லை. பின்னால் இருந்த காவலரணையும் அதன் மண் மூட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டிருந்தேன். யுத்த காலத்தில் காவலரணைப் படம் கீறும் ஒருவனை நீங்கள் என்னவென்று சொல்லுவீர்கள்? மடையன் என்று சொல்லுவீர்கள். அங்கே காவலுக்கு நின்ற இராணுவத்தார் வேறு மாதிரி நினைத்தார்கள்.

மூன்று மணித்தியாலம் ஒரு வாங்கில் இருத்தி வைத்தார்கள். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். காவலரண் படத்தைவிட அவருக்குச் சந்தேகம் கொடுத்தது வேறொன்று. பெயர், பக்கத்தில் அரை வட்டம், நிலா. இன்னொரு பெயர், இரண்டு சூரியன். "இது என்ன குறியீடு?" என்று கேட்டார். அதை விளங்கப்படுத்த எனக்குச் சிங்களம் போதவில்லை.

மிஸ் போகாமல் நின்றார். அன்றைய கடைசிப் பாதை போய்விடும் நேரம். உள்ளே வந்து, சிங்களத்தில் நிதானமாகக் கதைத்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து ஒரு உறையை எடுத்து, அதில் நான் கீறியிருந்த சூரியனைக் காட்டினார். பிறகு என் பக்கம் கையை நீட்டி ஏதோ சொன்னார். அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரியும் மெல்லச் சிரித்து, கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு எங்களை விட்டார்.

வெளியே வந்து கேட்டேன். "என்ன மிஸ் சொன்னனீங்கள்?"

"இவருக்கு எழுத்துச் சரியா வராது, அதுதான் பொம்மை கீறுறவர் எண்டு சொன்னனான்."

"என்னைப் போய்…"

"பின்ன? பெரிய கலைஞர் எண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பினமோ?"

வீட்டில் மனைவி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிப் பென்சிலைத் தொட்டா, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சல்லியில இருக்கிற அம்மாட்டப் போயிடுவன்." சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவள் கேட்டதில் பிழை இல்லை. கொப்பி இருந்தால் இன்னொரு சாவடியில் இன்னொருவர் புரட்டுவார். படத்தையும் விட்டேன், கொப்பியையும் விட்டேன். உறையில் கீறுவதையும் விட்டேன். பயம் என்பது அப்படித்தான். ஒரு விரலை வெட்டச் சொன்னால் கையையே வெட்டிக் கொடுக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் அறைக்குக் கணினி வந்தது. யாரோ நல்லவர்கள் கொடுத்த பழைய பெட்டி. கரண்ட் இருந்தால் வேலை செய்யும். அச்சுப்பொறி 'கிறீச் கிறீச்' என்று பல்லைக் கடிக்கும். ஆனால் அது தந்த லேபிள் எவ்வளவு வடிவு! ஒரே அளவு எழுத்து, நேர்கோடு. எந்தச் சாவடியில் யார் பார்த்தாலும் அச்சடித்த எழுத்து என்று மரியாதை. நான் கணினிப் பைத்தியம் ஆனேன். நோயாளிகள் எல்லாரையும் வரிசையாக ஏற்றினேன்: பெயர், ஊர், மருந்து, குடிக்கும் விதம். மத்தியானச் சாப்பாட்டையும் திரைக்கு முன்னால் இருந்துதான் சாப்பிட்டேன். கிளினிக்கில் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதும் குறைந்தது. கீற வேண்டியதில்லையே, பிறகு பார்த்து என்ன?

மிஸ் ஒரு நாள் கேட்டார். "அண்ணன், எங்கட நிலா எங்க?"

"அதெல்லாம் என்னத்துக்கு மிஸ்? இப்ப எல்லாம் தெளிவா அச்சில வருது."

"ஓம், தெளிவாத்தான் இருக்கு. வாசிக்கத் தெரிஞ்சவைக்கு" என்றுவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு அன்று அது ஏறவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

வீதி பல வாரமாக மூடியிருந்தது. ஒரு காலை, லோஞ்ச் இன்றைக்குப் போகும், பத்து மணிக்குள் மருந்தை ஏற்றுங்கள், அடுத்தது எப்போது என்று தெரியாது என்று ஒருவர் வந்து சொன்னார். உறை தயாரில்லை. லேபிள் கூட அடிக்கவில்லை. நான் கணினிக்கு முன்னால் ஓடினேன். பெயர்கள் அகரவரிசையில் வந்தால் மிஸ்ஸுக்கு உறைகளை அடுக்கச் சுகம் என்று நினைத்து, பெயர்கள் இருந்த நிரலைத் தெரிவு செய்து, வரிசைப்படுத்து என்று கொடுத்தேன். ஒரு நொடியில் செய்து தந்தது.

நீங்கள் இதைப் படித்தவர்கள், உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். நான் பெயர் நிரலை மட்டும் தெரிவு செய்திருந்தேன். பெயர்கள் மட்டும் இடம் மாறின. மருந்து இருந்த இடத்திலேயே இருந்தது. வகுப்பில் பிள்ளைகளை மட்டும் உயர வரிசையில் மாற்றி இருத்திவிட்டு, புத்தகப் பைகளைப் பழைய மேசைகளிலேயே விட்டது போல. ஒருவருடைய பெயருக்கு நேரே இன்னொருவருடைய மருந்து. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கையால் எழுதிய கொப்பியில் இந்தப் பிழையை விடவே ஏலாது. அங்கே ஒரு வரி என்றால் ஒரு வரிதான், பெயரைத் தனியாக இழுத்துக்கொண்டு போக முடியாது.

மிஸ் கிளினிக் பதிவுக் கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு முறையும் அவர் அதோடு ஒத்துப் பார்ப்பவர். கடிகாரத்தைப் பார்த்தார். "பட்டியல் சரிதானே அண்ணன்?"

நான் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் கேட்கிறது. "கொம்பியூட்டர் தந்தது மிஸ். அது பிழைக்காது."

அவர் கொப்பியை மூடினார். லேபிளைப் பார்த்துப் பார்த்து அவர் குளிசையைப் போட, நான் ஒட்டினேன். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டி ஏறியது. ஜன்னலில் நின்று லோஞ்ச் போவதைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று வேலை முடிந்த நிம்மதியில் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். உங்களுக்கு இன்று பொறுப்பாக இருக்கும் அக்காவுக்கு அப்போது ஐந்து வயது. சிலேற்றையும் சோக்கட்டியையும் கொண்டு வந்து மடியில் ஏறினாள்.

"அப்பா, படம் கீறுங்கோ."

"அப்பா இப்ப கீறுறேல்ல, குஞ்சு."

"பென்சிலாலதானே கீறக் கூடாது? இது சோக்கட்டி."

குசினிக்குள் இருந்து மனைவியின் சிரிப்புக் கேட்டது. "சிலேற்றில கீறுங்கோ, பரவாயில்லை. அழிச்சா முடிஞ்சுது."

என்ன கீற என்று கேட்டேன். "அந்தக் கிளிவெட்டி அக்கா" என்றாள். முன்பு என் கொப்பியில் சுகந்தியின் படத்தைப் பார்த்திருந்தாள். மாதக்கணக்கில் கீறாத கை. முதலில் தலை கோணலாக வந்தது. பிறகு பின்னல் வந்தது, நெற்றித் தழும்பு வந்தது, நீட்டிய உள்ளங்கை வந்தது.

"கையில என்ன வச்சிருக்கிறா?"

"அரைக் குளிசை."

"எப்ப குடிக்கிறவ?"

"நிலா வரேக்க…"

சோக்கட்டி நின்றது. அன்று காலை சுகந்தியின் லேபிளை என் கையால்தான் ஒட்டினேன். அதில் இருந்த எழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது: 'காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பாட்டுக்கு முன்'. அது சீனி வருத்தக்காரர் குடிக்கும் மருந்து. சீனி வருத்தம் இல்லாத பிள்ளை அதைக் குடித்தால் உடம்பில் சீனி இறங்கி மயங்கிவிடும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலையில் அந்த எழுத்தைக் கண்டேன், ஆனால் வாசிக்கவில்லை. கீறும்போதுதான் கண் வாசித்தது.

சைக்கிளை எடுத்தேன். சாப்பாடு கோப்பையிலேயே கிடந்தது.

கணினியைத் திறந்து பார்த்தேன். சுகந்திக்கு மட்டும் இல்லை, முழுப் பட்டியலும் மாறியிருந்தது. அந்த நேரம் எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. உங்களுக்கும் ஒரு நாள் வரும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். 'கதிரையில் இரு. தொண்டர் கண்டுபிடிப்பார். ஆட்களே தங்கள் மருந்து இல்லை என்று சொல்லுவார்கள். நீயாகப் போய் மாட்டிக்கொள்ளாதே.' ஒரு நிமிடம் அப்படி இருந்திருப்பேன். பிறகு அந்த உள்ளங்கை ஞாபகம் வந்தது. எழும்பி மருந்து அறைக்குப் போனேன்.

மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவருடைய முகம் வெளிறிப் போனது. பிறகு, "ஏச்சுப் பிறகு தாறன். ஓடி வாங்கோ" என்றார்.

பக்கத்து நிவாரண அலுவலகத்தில் வானொலித் தொடர்பு இருந்தது. மூதூரில் இருந்த அவர்களின் ஆளோடு குறித்த நேரத்தில் சில நிமிடம் கதைக்கலாம். அடுத்த நேரத்துக்குக் கால் மணி இருந்தது. "என்ன சொல்லப் போறமெண்டு முதல்ல எழுதுங்கோ. வாயால சொன்னா நடுங்கும்" என்றார் மிஸ். ஒரு துண்டில் எழுதினேன்: 'இன்று வந்த மருந்துகளில் சிறு திருத்தம் உண்டு. தயவுசெய்து…'

மிஸ் வாசித்துவிட்டு 'சிறு திருத்தம்' என்பதை வெட்டினார்.

"திருத்தம் எண்டு சொன்னா ஆரும் நாளைக்குப் பாப்பம் எண்டு இருந்திடுவினம், அண்ணன். பிழை எண்டு எழுதுங்கோ. அப்பத்தான் ஓடுவினம்."

மீண்டும் எழுதினேன்: 'இன்று வந்த மருந்து எல்லாம் பிழை. ஒருவரும் குடிக்க வேண்டாம். கொடுத்ததைத் திருப்பி வாங்குங்கள். பிழை எங்களுடையது.' நீங்கள் என்னிடம் ஒரே ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்வதென்றால், மிஸ் வெட்டி எழுதச் சொன்ன அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கரையிலிருந்து பதில் வந்தது. பெரும்பாலான உறைகள் இன்னும் பெட்டியில்தான். இறங்குதுறைக்கு வந்து நின்ற ஆறு பேருக்கு மட்டும் தொண்டர் கையில் கொடுத்திருந்தார். ஐந்து பேர் மூதூர்தான், உடனே பிடிக்கலாம். ஆறாவது ஆள் கிளிவெட்டியில் இருந்து சைக்கிளில் வந்த ஒரு தகப்பன். பிள்ளையின் மருந்தை வாங்கிக்கொண்டு அப்போதே போய்விட்டார்.

பிள்ளையின் பெயரைக் கேட்கத் தேவை இருக்கவில்லை.

தொண்டர் சைக்கிளில் பின்னால் போவதாகச் சொன்னார். வழியில் எத்தனை சாவடி, எங்கே மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வானொலிக்கு அன்று வேறு நேரமும் இல்லை.

நான் வாசலில் இருந்துவிட்டேன். மிஸ் வந்து நின்றார். "அண்ணன், அந்தப் பிள்ளைக்கு இப்ப நீங்களும் நானும் ஒண்டும் செய்ய ஏலாது. மற்ற ஆக்களுக்குச் செய்ய ஏலும். எழும்புங்கோ."

அன்று பின்னேரம் முழுவதும் அவர் பதிவுக் கொப்பியை உரத்து வாசித்தார். நான் திரையில் பெயரை அதன் இடத்துக்குத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் தாளில் ஒரு புள்ளடி போட்டேன். சத்தியத்தை முறித்தேன் என்று மனைவியிடம் பிறகு சொன்னேன். ஓரிடத்தில் கொப்பி ஒன்று சொன்னது, கணினி இன்னொன்று சொன்னது. மூதூர் மனிதர் ஒருவருக்குக் கொப்பியில் ஒரு குளிசை, கணினியில் குடிக்கும் விதத்தில் இரண்டு. "கொப்பிதான் சரி மிஸ், கொம்பியூட்டரை இனி நம்பேலாது" என்றேன்.

"காலமை அதைக் கும்பிட்டனீங்கள், பின்னேரம் அதை உதைக்கிறியள். பயத்தில முடிவெடுக்காதேயுங்கோ" என்று டொக்டரின் கடிதக் கட்டை எடுத்துப் பார்த்தார். போன மாதம் டொக்டர் இரண்டாகக் கூட்டியிருந்தார். நான் கணினியில் மாற்றிவிட்டு, கொப்பியில் மாற்ற மறந்திருந்தேன். அன்று கொப்பியை மட்டும் நம்பியிருந்தால் அந்த மனிதருக்கு மருந்து குறைந்திருக்கும். ஆகவே, கையெழுத்து நல்லது, கணினி கெட்டது என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். சரியாக்கிய பட்டியலில் இருந்து எல்லா லேபிளையும் கணினி சில நிமிடத்தில் அடித்துத் தந்தது. கையால் எழுதியிருந்தால் இரண்டு நாள் போயிருக்கும். எங்களிடம் இரண்டு நாள் இருக்கவில்லை.

மிஸ் கடைசி உறையை மூடிவிட்டுச் சொன்னார். "நானும் காலமை கொப்பியைத் திறந்து பாத்திருக்க வேணும். உங்கட பிழையில பாதி என்ர."

ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாக வந்தது இதுதான்.

அடுத்த நாள் காலை, எங்கள் அதிர்ஷ்டம், லோஞ்ச் மறுபடியும் போனது. பெட்டியோடு நானே ஏறினேன். மூதூரில் ஐந்து பேரிடமும் உறையைத் திருப்பி வாங்கியிருந்தார்கள். தொண்டரைக் காணவில்லை. இரவு திரும்பவில்லை என்றார்கள். ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக் கிளிவெட்டிக்கு மிதித்தேன். வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டு இடத்திலும் உறைகளைக் காட்டினேன், விட்டார்கள்.

சுகந்தியின் வீட்டு வேலியில் தொண்டரின் சைக்கிள் சாத்தியிருந்தது. அவர் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, "ஒண்டும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றார். சாவடியில் மறித்ததால் அவர் வந்து சேர இருட்டிவிட்டதாம். திரும்ப ஏலாமல் அங்கேயே தங்கிவிட்டார். "ஆனா நான் வந்து காப்பாத்தேல்ல. எனக்கு முதலே காப்பாத்தியாச்சு."

தாய் வெளியே வந்தாள். கையில் நான் ஒட்டிய உறை, ஒரு குளிசையும் குறையாமல் இருந்தது. மற்றக் கையில் ஒரு பால்மாத் தகரம். தகரத்தைத் திறந்து பழைய உறைகளைக் காட்டினாள். நான் கீறியவை. ஒன்றைக் கூட எறியவில்லை.

"இவளின்ர அப்பா கொண்டு வந்து தந்தவுடன பாத்தனான், தம்பி. இதில நிலா இல்லை. அதுதான் பிரிச்சுப் பாத்தன், குளிசையும் வேற" என்றாள். "பேர் அவளின்ர பேர்தான் எண்டு இவர் வாசிச்சுச் சொன்னவர். இருந்தாப்போல என்ன? நிலா இல்லாத மருந்தை நான் என்ர பிள்ளைக்குக் குடுக்கேல்ல."

"அப்ப நேற்று?"

"போன முறை கூடத் தந்ததில மிச்சமா அரைக் குளிசை மூண்டு கிடந்தது. அதில ஒண்டு குடுத்தனான்."

நான் பழைய உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தாய் விடவில்லை. "முந்தின மாசங்களிலயும் நிலா இல்லை. அப்ப குளிசையைப் பாத்துப் பழையதுதான் எண்டு குடுத்தனான். ஏன் தம்பி, கீறிறதை விட்டனீங்கள்? எங்களோட கோவமோ?"

என்ன சொல்லுவது? சாவடிக் கதையைச் சொல்லலாம், மனைவிக்குக் கொடுத்த சத்தியத்தைச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவளுக்கு முன்னால் நின்றபோது எதுவும் பதிலாகத் தெரியவில்லை. "பிழை விட்டிட்டன் அக்கா" என்றேன்.

சரியான உறையை எடுத்து, நிலத்தில் இருந்து, சுகந்தியின் பள்ளிக்கூடப் பென்சிலை வாங்கி, லேபிளின் ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் அரை வட்டமும் நிலாவும் கீறினேன். இடம் போதாமல் நிலா லேபிளைத் தாண்டி உறையில் ஏறியது. பிள்ளை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"முயலை மறந்திட்டீங்கள்" என்றாள்.

கீறினேன். இரண்டு காதும் நீளமாக.

திரும்பி வந்து செய்த முதல் வேலை, கணினியில் லேபிளைச் சுருக்கி, வலப்பக்கத்தில் ஒரு பெட்டியை வெறுமையாக விட்டதுதான். கணினிக்குத் தெரிந்தது எல்லாம் இடப்பக்கத்தில் இருக்கட்டும். வலப்பக்கம் கைக்கு. மிஸ் பார்த்துவிட்டு, "முயல் கொள்ளுமோ?" என்று கேட்டார். இன்னும் அரை விரல் கூட்டினேன். மனைவியும் சம்மதித்தாள், காவலரண் கீறாவிட்டால் சரி என்று.

அதன் பிறகு எத்தனையோ கணினிகள் மாறின. நான் ஓய்வு பெற்றும் பல வருடம். பெட்டி மட்டும் ஒவ்வொரு புதிய லேபிளிலும் தொடர்ந்து வந்திருக்கிறது. ஏன் என்று தெரியாமலே யாரோ அதை விட்டு வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளே, கீறத் தெரியாது என்று சொல்ல வேண்டாம். என் நிலாவும் வட்டமாக வந்ததில்லை. நாளில் கொஞ்ச நேரம் திரையை மூடிவிட்டு, சிலேற்றோ கொப்பியோ, கையில் கிடைத்ததில் அன்றைக்குக் கண்ட ஒரு முகத்தைக் கீறிப் பாருங்கள், அல்லது அவர் சொன்ன ஒரு வரியை எழுதிப் பாருங்கள். அடுத்த நாள் அவருடைய லேபிளை ஒட்டும்போது வாசித்து ஒட்டுவீர்கள்.

போன மாதம் என் சொந்தக் குளிசை வாங்க உங்கள் ஜன்னலுக்கு வந்தேன். உங்களில் ஒருவர்தான் தந்தார், நான் யாரென்று தெரியாது. லேபிள் துப்புரவாக இருந்தது, பிழை ஒன்றும் இல்லை. பெட்டி வெறுமையாக இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும், அதனால் குறை இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் நின்ற அம்மா தன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.